பாதியில் நின்ற முள்

வெள்ளிக்கிழமை சாயங்காலப் பூஜையில், பனியன் கம்பெனி ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, பெட்ரோல் திருடவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். டிரைவர் சாமியப்பனுக்கு முதலாளி ரத்தினசாமி வைத்த கெடு அது.

செய்யாவிட்டால் வேலை போகும். செய்தால் மானம் போகும். சூடம் அணைத்த டிரைவர் என்று பேர் வாங்கியவனை வேலம்பாளையத்தில் வேறு எந்தக் கம்பெனியும் வாசலில் ஏற்றாது.

குற்றம் இதுதான். கார் டேங்கை நிரப்பினாலும் மீட்டர் முள் பாதிக்கு மேல் ஏறவில்லை. மீதிப் பாதியை டிரைவர் உறிஞ்சி விற்றுவிட்டான் என்பது ரத்தினசாமியின் தீர்ப்பு.

துணியின் எடையை மெஷின் சொன்னாலும் நம்பாமல் இன்னொரு துண்டு வெட்டி நிறுத்துப் பார்க்கிற மனிதர் அவர். முப்பது வருஷத்து அம்பாசிடரின் முள்ளை மட்டும் அருள்வாக்காக நம்பினார். அவிநாசிபாளையம் தாண்டும்போது வண்டி திணறி நின்று, பத்து நிமிஷத்தில் தானாகவே ஸ்டார்ட் ஆனது. அதையும் டிரைவரின் நாடகம் என்று தள்ளிவிட்டார்.

வெள்ளி காலை சாமியப்பன் வண்டியை மொக்கைச்சாமியின் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினான். மொக்கைச்சாமி மதுரைப் பக்கத்து ஆள். வண்டிகள் மேல் மரியாதை உண்டு. சொந்தக்காரர்கள் மேல் கிடையாது.

கதையைக் கேட்டுவிட்டு டிக்கியைத் திறந்தான். டேங்கிலிருந்து மீட்டருக்குப் போகும் ஒயரைக் கழற்றி பாடியில் தொட்டான். முள் துள்ளிக்கொண்டு ஓரத்துக்கு ஓடியது.

"மீட்டர் நல்லாத்தான் இருக்குண்ணே. கோளாறு டேங்குக்குள்ள."

பெட்ரோலை வடித்தான். ஸ்குரூக்களைக் கழற்றி, மிதவையோடு சேர்ந்த கம்பியை உருவினான். கம்பி வரவில்லை. கையை விட்டு இழுத்தான். கொழகொழவென்று ஒரு துணி அதைச் சுற்றிக்கொண்டு வந்தது.

மிதவையைப் பாதியில் கட்டிப் போட்டிருந்தது அதுதான். ஓடும்போது பெட்ரோல் உறிஞ்சும் குழாயின் வாயை அடைத்ததும் அதுதான். வண்டி நின்றதும் இழுப்பு நின்று துணி விலகும், பெட்ரோல் மறுபடி ஓடும்.

"மூடிக்குப் பதிலா பனியன் துணிய அடைச்சு வச்ச அறிவாளி எவன்ணே?"

சாமியப்பன் துணியைப் பிரித்துப் பார்த்தான். ஊதாவும் மஞ்சளும் பட்டை போட்ட துணி. வெளிநாட்டுக்காரன் வேண்டாமென்று தள்ளிய ஆர்டர். அந்தக் கண்றாவியை ஊரிலேயே ஒருவர்தான் ஆசையாகப் போட்டுக்கொண்டு திரிந்தார். அவர்தான் போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிரைவர் இல்லாமல் தானே வண்டியை எடுத்துக்கொண்டு தாராபுரம் போனார். திங்களன்று, மூடியை எவனோ களவாண்டுவிட்டான் என்று சொல்லிப் புது மூடி வாங்கி வரச் சொன்னவரும் அவரே. அதற்குள் அடைத்த துணி டேங்குக்குள் நழுவி விழுந்திருக்கிறது.

சாயங்காலம் சூடம் ஏற்றியாயிற்று. டெய்லர்கள் சுவரோரம் நின்றார்கள். சாமியப்பன் தட்டில் முதலில் வண்டிச் சாவியை வைத்தான். பிறகு துணியை விரித்துக் காட்டி, அது எங்கே கிடைத்தது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"எவன் துணியோ! பெட்ரோல் துணிய நெருப்புகிட்ட கொண்டாராதே" என்றார் ரத்தினசாமி.

"மூணு தடவ தொவச்சுக் காய வெச்சதுங்க மொதலாளி."

சாம்பிள் டெய்லர் கண்ணம்மாள் துணியை வாங்கிப் புரட்டினாள். "இந்தப் பாக்கெட்டு நான் தெச்சதுங்க. உங்க கண்ணாடி வெக்க, உங்களுக்கு மட்டும் தெச்சேனுங்க."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். சிரிப்பை அடக்கும் இருமல்.

சாமியப்பன் தட்டை முதலாளி பக்கம் நகர்த்தினான். குரலில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை.

"இது உங்க துணி இல்லீன்னு சொல்லி அணைங்க. நான் இப்பவே போயிடறனுங்க."

ரத்தினசாமியின் கை பாதி தூரம் நீண்டது. அங்கேயே நின்றது, அந்த முள்ளைப் போல. பிறகு குனிந்து, சாமி சூடத்தை வாயால் ஊதி அணைத்தார்.

ஊதி! எச்சில் வாயால்!

கண்ணம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒருத்தர் பின் ஒருத்தராக எல்லோரும் மெஷினுக்குத் திரும்பினார்கள். திருநீறு வாங்க யாரும் நிற்கவில்லை.

சாமியப்பன் தட்டிலிருந்து சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். துணியை அங்கேயே விட்டான்.