நாலாம் பேட்ச் இருமியது

நாலாம் பேட்ச் மாத்திரைகள் செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு இருமத் தொடங்கின. அவை இருந்தது, மருந்துக் கம்பெனியில் தயாராகும் ஒவ்வொரு பேட்சிலிருந்தும் சில பாட்டில்களை எடுத்துப் பூட்டிவைக்கும் மாதிரி அறையில். முதல் மூன்று பேட்சும் அங்கே வாயைத் திறந்ததில்லை. இருமலைக் கேட்டவள், எதையும் மூன்று முறை நிறுக்காமல் விடாததால் 'தராசு' என்று பெயர் வாங்கிய பரிசோதகி. வீட்டில் உப்பைக்கூட நிறுத்துத்தான் போடுவாள் என்று கேலி பேசுவார்கள், அது பொய்யில்லை. இயந்திரங்களோ, மருந்து சுத்தம் என்று அடித்துச் சொல்லிவிட்டன. வியாழன் காலை அந்தப் புது மருந்தைச் சோதனைக்காக விழுங்கப்போகும் இருபது பேரில் தராசின் அக்காவும் ஒருத்தி. அக்காவின் சிறுநீரகத்துக்கு இதுவரை எந்த மருந்தும் கேட்கவில்லை. கொடுத்தாலும் பயம், நிறுத்தினாலும் பயம். தராசு நேரே மேலாளரிடம் போனாள்.

"இருமுதுன்னு சொல்றீங்க. எந்த முறையில கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார் மேலாளர். மாத்திரை இருமுவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை, முறையில்லாததுதான் உறுத்தியது. தராசுக்கும் அது நியாயமாகப் பட்டது. அக்கா விஷயத்தில் தன் காதைத் தானே நம்பக்கூடாது. ஆகவே நாலு பேட்ச் பாட்டில்களோடு வெறும் மாவு மாத்திரை பாட்டில்களையும் சேர்த்து, எல்லாவற்றுக்கும் ஒரே காகிதம் சுற்றி, மேலாளரே எண் போட்டுப் பட்டியலைப் பூட்டிவைத்தார். ஒரு விவரமும் தெரியாத வாசல் காவலாளியை உட்காரவைத்து, இருமும் பாட்டிலைக் குறிக்கச் சொன்னார்கள். வரிசையைக் கலைத்துக் கலைத்து மூன்று சுற்று. நாலாம் பேட்ச் பாட்டில் ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை, மற்ற எதையும் குறிக்கவுமில்லை. "பாவம், அதுங்களுக்குக் கொஞ்சம் வெந்நீர் குடுங்க" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார்.

நாலாம் பேட்ச் நிறுத்தப்பட்டது. அக்கா போனில் கத்தினாள். "இருந்தது ஒரே வழி. அதுலயும் மண்ணள்ளிப் போட்டுட்டியேடி!" அதோடு பதினோரு வாரம் பேச்சில்லை. அக்காவின் கால் வீங்கிக்கொண்டே போவதாக அம்மா சொல்லித்தான் தெரியும். அந்த பேட்சை எத்தனை விதமாகச் சோதித்தும் இயந்திரங்களுக்கு எதுவும் அகப்படவில்லை. ஒருவேளை அக்காவைக் கொன்றுகொண்டிருப்பது நானேதானோ என்று தராசு சோறு இறங்காமல் தவித்தாள். இருமலோ நிற்கவில்லை, சோதனைப் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் சேர்த்தார்கள்.

ஐந்தாம் பேட்ச் இருமவில்லை. காவலாளி மூன்று சுற்று கேட்டுக் கையெழுத்துப் போட்டார். முதல் மாத்திரை கொடுக்கும் நாளன்று தராசு மருத்துவமனைக்குப் போய்க் கதவோரம் நின்றாள். அக்கா அவளைப் பார்த்தாள். நர்ஸ் நீட்டிய மாத்திரையை வாங்கி, தண்ணீரை எடுக்காமல், காதோரம் வைத்துக் கண்ணை மூடி வெகுநேரம் கேட்டாள். பிறகு தங்கையிடம் நீட்டினாள்.

"நீயும் ஒருதடவ கேட்டுடுடி."