உப்புத் தண்ணீரா, கிருமித் தோலா?

1.

இந்தக் கதை நான் யோசித்ததல்ல, ஒட்டுக்கேட்டது. ஸ்வீடனில், உப்சாலா நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில், சும்மா இருக்க மாட்டாமல், ஊசி போட்டுக்கொள்ளப் போயிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் டோர்க்னி. ஐம்பத்தெட்டு வயது, பேருந்து ஓட்டுநர். எங்களுக்கு நடுவில் ஒரு திரை. திரை கண்ணுக்குத்தான், காதுக்கு இல்லை.

ஆய்வுக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்குச் செத்த கிருமியின் தோல் துணுக்கு, பாதிப் பேருக்கு உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று நர்சுக்கே தெரியாது. துணுக்கைக் கண்டதும் உடம்பின் காவல்படை நிஜக் கிருமிதான் வந்துவிட்டது என்று பதறி மூளைக்குத் தகவல் அனுப்பும்: படு, போர்த்திக்கொள், சாப்பாட்டை மற, வேண்டிய ஆளைத் தேடு. மூளையும் மறுபேச்சில்லாமல் கேட்கும். சில மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘நவம்பர் பனியில் நகரம் வெள்ளைப் போர்வை—’

வேண்டாம். நவம்பரில் இங்கே சேறுதான்.

அடுத்து: ‘டோர்க்னியின் உடல் ஒரு போர்க்கள—’

நர்ஸ் சிரிப்பாள். நேரே விஷயத்துக்கு வருகிறேன். டோர்க்னிக்கும் குன்வோருக்கும் பதினோரு வருஷ உறவு, ஆனால் வீடு தனித்தனி. ‘என்னோடு வந்து இரு’ என்று அவள் கேட்கும்போதெல்லாம் அவர் தன் வாடகை வீட்டைக் காரணம் காட்டுவார். வீட்டு அலுவலகத்தின் வரிசையில் பதினெட்டு வருஷம் காத்திருந்து கிடைத்த வீடு. இந்த ஊரில் மனைவியை விட்டவன் உண்டு, அப்படிப்பட்ட வீட்டை விட்டவன் கிடையாது.

3.

ஊசி போட்டு ஒன்றரை மணி நேரத்தில் டோர்க்னி நடுங்கினார். காய்ச்சல் 38.6 டிகிரி செல்சியஸ்—

(அடித்துவிட்டேன். இதைச் சொன்னால் அவருக்குள் போனது எது என்று தெரிந்துவிடும், கதை இங்கேயே படுத்துவிடும். நர்சும் அவரிடம் சொல்லவில்லை. தவிர, ஜன்னல் திறந்து கிடந்தது. நடுங்க அதுவே போதும்.)*

போனை எடுத்தார்.

“குன்வோர், நீ வாயேன்.”

“என்னாச்சு?”

“எனக்கு யாரும் வேணாம். நீ மட்டும் வேணும். உன் வீட்டுக்கே வந்துடறேன்.”

“பட்டப்பகல்ல குடிச்சிருக்கியா?”

“ஊசிதான் போட்டிருக்காங்க. இரு, வீட்டைக் காலி பண்றேன்னு எழுதிக் குடுத்துடறேன்.”

கொடுத்தும்விட்டார், அதே போனில் கையெழுத்துப் போட்டு. திரைக்கு இப்பால் நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

* நானும் நடுங்கினேன். யாரையும் கூப்பிடத் தோன்றவில்லை. எனக்குப் போட்டது உப்புத் தண்ணீராக இருக்கும். அல்லது எனக்கு ஆளில்லை.

4.

இனி வருவது என் கற்பனை. குன்வோரின் சமையலறையில் எனக்குத் திரை கிடையாது.

மறுவாரம் வெள்ளிக்கிழமை. டோர்க்னிக்குக் காய்ச்சலும் இல்லை, நடுக்கமும் இல்லை. மேஜையில் ஏலக்காய் பன், போட்டது எந்த ஊசி என்று சொல்ல ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த கவர், வீட்டு அலுவலகத்தின் கடிதம்: மனம் மாறினால் வெள்ளி மாலை நான்கு மணிக்குள் சொல்லவும். மணி மூன்று நாற்பது.

(இங்கே டோர்க்னியை அழவைத்துப் பார்த்தேன். ஆசாமி பன்னைத்தான் தின்கிறார்.)

“கவரைப் பிரிச்சுப் பாரேன்” என்றார்.

“எதுக்கு? உப்புத் தண்ணின்னா கூப்பிட்டது நீ. கிருமித் தோலுன்னா கூப்பிட்டது அது. அதோட நான் குடும்பம் நடத்தணுமா?”

“ரெண்டுமே என் உடம்புக்குள்ளதானே இருந்துச்சு?”

குன்வோருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது.

“உடம்பு முடியாதப்ப என்னைத் தேடினே. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு, டோர்க்னி. ரொம்பவே பிடிச்சிருந்துச்சு. ஆனா இப்ப நீ கல்லு மாதிரி திடமா இருக்கே. இப்ப சொல்லு. கவரு அப்புறம்.”

டோர்க்னி பன்னைக் கீழே வைத்தார்.

5.

‘வர்றேன்’ என்று எழுதினேன். படித்துப் பார்த்தால், அதைச் சொன்னது நான். கிருமிக்கு இருக்கும் உரிமைகூட எனக்கில்லை. அதுவாவது அவர் உடம்புக்குள் போயிருக்கலாம், நான் அதுவும் இல்லை.

‘வரலை’ என்றும் எழுதினேன். அதுவும் நான்தான். இரண்டையும் அடித்துவிட்டேன்.

நாலு மணிக்கு இன்னும் மூன்று நிமிஷம் இருக்கிறது. நான் வெளியே போகிறேன், நீங்கள் உட்காருங்கள். கவரில் கை வைக்காதீர்கள். அவர் வாயைத் திறக்கிறார், என்ன சொல்கிறார் என்று மட்டும் கேளுங்கள்.