ஸ்டாஷுக்கு விட்டுவைத்த இடம்

1.

இந்தக் கதை ஒரு கார் மதிப்புரையின் மிச்சம். மறைப்பானேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெட்ராய்ட்டுக்குத் தெற்கே, ஆற்றோர ஊர் ஒன்றின் வாரப் பத்திரிகையில் கார்களைப் பற்றி எழுதுவது என் பிழைப்பு. கம்பெனிக்காரர்கள் ஒரு வாரத்துக்குக் காரைத் தருவார்கள். ஓட்டிப் பார்த்து அரைப்பக்கம் எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்த ஜூலையில் வந்தது ஒரு குட்டி வேகன், பின்னால் சாமான் வைக்க இடம் நீட்டிய கார். வண்டி புத்தம் புதுசு, முகம் மட்டும் 1949. உருண்ட மட்கார்டு, தூக்கிய மூக்கு, வட்ட விளக்குகள். அடுத்த வசந்தத்தோடு இதன் உற்பத்தியை நிறுத்தப்போகிறார்கள் என்று செய்தி வந்திருந்தது.

அரைப்பக்கம் ஆங்கிலத்தில் அச்சாகி, ஊரும் அதில் மீன் பொதிந்து முடித்துவிட்டது. அங்கே இடம் கிடைக்காத ஒரு மனிதரைத் தமிழில் உட்காரவைக்கப் பார்க்கிறேன்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "சாகப்போகிற காரை ஓட்டிப் பார்ப்பது என்பது" (வேண்டாம். இழவு வீட்டில் பந்தி விசாரிப்பதுபோல் இருக்கிறது.)

பிறகு: "பழசின்மேல் ஆசை யாருக்குத்தான்" (இது பட்டிமன்றம்.)

இப்போது இது: ஹெலன் கடை வாசலில் வால்ட் மயெவ்ஸ்கி கையைத் தூக்கினால் உலகமே நின்றுவிடும்.

உலகம் நிற்காது, கார்கள் நிற்கும். கோடையில் சனிக்கிழமைதோறும் ஹெலன் கடைக்கு முன்னால் பழைய கார்கள் கூடும். ரூட் பியர் என்கிற இனிப்புச் சோடா, வெங்காயம் குவித்த ஹாட் டாக், மடக்கு நாற்காலிகள். முன்வரிசை பழைய வண்டிகளுக்கு. புதுசெல்லாம் பின்னால், குப்பைத் தொட்டிப் பக்கம். எந்த வண்டி எங்கே என்று வாசலில் நின்று கை காட்டுவது வால்ட். ஓய்வு பெற்ற தொழிற்சாலைக்காரர். அவருடைய சொந்த வேகன், நிஜமான நாற்பத்தொன்பதாம் வருஷத்து வண்டி, முன்வரிசையின் கோடியில் நிற்கும். அதற்குப் பக்கத்து இடத்தில் எந்தக் கொம்பனும் வண்டியை விடமுடியாது. அது ஸ்டாஷுடைய இடம். ஸ்டாஷ் அவருடைய கூட்டாளி. அவரிடமும் நாற்பத்தொன்பது வேகன் இருந்தது. அவர் இறந்ததும் மகன் அதை ஒஹையோக்காரன் ஒருவனுக்கு விற்றுவிட்டான். ஒஹையோக்காரனுக்கு! பக்கத்து மாநிலம், எங்கள் ஊருக்குப் பரம்பரைப் பங்காளி. வால்ட்டுக்கு நண்பர் செத்த துக்கம்கூட ஒரு பங்குதான், இது இரண்டு பங்கு.*

* இங்கே இன்னொரு பழக்கமும் உண்டு. பானட் திறந்திருந்தால் வந்து பேசலாம். மூடியிருந்தால் ஆளை விட்டுவிட வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3.

நான் நேரே குப்பைத் தொட்டிப் பக்கம் போகத்தான் திரும்பினேன். வால்ட் கையைத் தூக்கினார். நின்றேன். அவர் முன்வரிசையைக் காட்டினார். கோடி வரைக்கும் போ என்று காட்டினார். ஸ்டாஷுடைய இடத்தைக் காட்டினார்.

எனக்குப் புரியவில்லை. ஆனால் வால்ட் காட்டினால் போகவேண்டும். போய் நிறுத்தினேன். அவர் பின்னாலேயே வந்தார், அந்த வயதில் யாரும் அப்படி ஓடிவரக் கூடாது. வந்து மட்கார்டில் கை வைத்தார். கை கீழே இறங்கி பம்பரைத் தொட்டது. பிளாஸ்டிக், இரும்பில்லை. கை அங்கேயே நின்றுவிட்டது.

கதவைத் திறந்து நான் இறங்கினேன்.

"மெக்," என்றார். மேகலா என்ற என் பெயரை இந்த ஊர் அப்படித்தான் வெட்டி வைத்திருக்கிறது. "நீயாம்மா?"

"நான்தான் வால்ட். வேற யாருன்னு நெனச்சீங்க?"

ரான் டுபே என்று ஒருவன், ஊர் வாய்க்கெல்லாம் அவன் ஒருத்தன் போதும், நாற்காலியிலிருந்தே கத்தினான்.

"என்ன வால்ட்! பொம்மைக் காரையெல்லாம் முன்வரிசைக்கு அனுப்புற? கண்ணு அவிஞ்சு போச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். வால்ட்டும் சிரித்தார்.

"அடப் போடா. கடைசி வருஷத்து வண்டி. ஒரு மரியாதை குடுக்கலாம்னு பாத்தேன். உனக்கெல்லாம் அது எங்க தெரியப்போவுது."

பிறகு தன் வேகனிடம் போய் பானட்டை இறக்கி மூடினார். அதற்குப்பின் யாரும் அவர் பக்கம் போகவில்லை.

4.

இந்த இடத்தில் வால்ட்டின்மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. எழுத்தாளராக என்னால் அவர் தலைக்குள் நுழைய முடியும். நுழைந்து பார்த்தேன், இரண்டு வால்ட் இருக்கிறார்கள். ஒருவருக்குக் கண் மங்கிவிட்டது. வட்ட விளக்கும் உருண்ட மூக்கும் மட்டும் நிழலாய்த் தெரிய, இடத்தைக் காட்டிவிட்டார். இன்னொருவருக்குக் கண் நன்றாகத் தெரியும். ஸ்டாஷ் திரும்பி வரவேண்டும் என்று வருஷக்கணக்காக வாசலையே பார்த்ததில் ஒரு நொடி ஏமாந்துபோனார். எனக்கு இரண்டாமவரைப் பிடிக்கிறது. பிடிக்கிறது என்பதாலேயே நம்பப் பயமாக இருக்கிறது.

இது வெறும் கதைச் சிக்கலாக இருந்தால் பரவாயில்லை. குளிர்காலத்தில் வால்ட் சர்ச் வாசல் கம்பத்தில் வண்டியை உரசியிருந்தார். இன்னொரு தடவை ஏதாவது நடந்தால் சாவியை வாங்கிவிடுவேன் என்று மகள் டெனிஸ் அன்றைக்கே சொல்லியிருந்தாள். சாவி போனால் வேகன் போகும். வேகன் இல்லாமல் வால்ட் அந்த வாசலில் நிற்கமாட்டார்.

ரான் வாய் சும்மா இருக்குமா? பொழுது சாய்வதற்குள் டெனிஸ் வேலை உடுப்போடே வந்துவிட்டாள். நேரே என்னிடம் வந்தாள்.

"மெக், அவர் மூஞ்சியக் கிட்ட இருந்து பாத்தது நீதான். நெசத்தச் சொல்லு. கண்ணு தெரியலயா, இல்ல ஸ்டாஷ் மாமா நெனப்பா?"

(இங்கே நான் நன்றாக ஏதோ சொல்வதாக ஒரு பத்தி இருந்தது. அது பொய், அடித்துவிட்டேன்.)

வால்ட் வந்தார். மகளைப் பார்க்காமல் என்னிடம் பேசினார்.

"நீ முன்னாடி போ மெக். நான் பின்னாடியே வர்றேன். ஸ்டாஷும் நானும் அப்படித்தான் போவோம். என் தெரு வந்ததும் நான் திரும்பிட்டு ரெண்டு ஹாரன் குடுப்பேன். அதான் வழக்கம்."

"அவ பின்விளக்கப் பாத்துக்கிட்டே போவலாம்னு பாக்கறியாப்பா?"

"உங்கிட்ட பேசலடி."

டெனிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீ சரின்னு சொன்னா விடறேன் மெக். உன் பொறுப்பு."

சரி என்றேன்.

5.

நான் ஓட்டிய புது வேகனைப் பற்றி என் மதிப்பீடு: இருக்கைகள் மடித்தால் சமதளமாகும், இரண்டு பேர் படுக்கலாம். எஞ்சின் சுமார். உள்ளே பிளாஸ்டிக் மலிவு. ஆனாலும் சாலையில் முன்பின் தெரியாதவர்கள் கை ஆட்டுவார்கள், எந்த விலையுயர்ந்த காருக்கும் அது கிடைத்து நான் பார்த்ததில்லை. பெரிய குறை ஒன்று. தூண்கள் தடிமன், பின்கண்ணாடி தபால்பெட்டி வாய்போலச் சிறியது. பின்னால் வருவது யார் என்று தெரியாது. இந்தக் கடைசி வாக்கியத்தை ஆசிரியர் வெட்டிவிட்டார். "பழைய அழகுக்கு அதெல்லாம் சகஜம்" என்றார்.

இருட்டியதும் கிளம்பி, ஆற்றோரச் சாலையில் மெதுவாகப் போனேன். பின்பார்வைக் கண்ணாடியில் இரண்டு வட்ட விளக்குகள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. எனக்கு அழுகை வந்தது. இரண்டு நாற்பத்தொன்பதுகள் வீடு திரும்புவதுபோலவே இருந்தது. ஒன்று பொய் என்றாலும்.

அவருடைய தெரு வந்தது. விளக்குகள் கண்ணாடியின் ஓரத்துக்கு நகர்ந்து தூணுக்குப் பின்னால் மறைந்தன. இனி அவர் பின்தொடர எந்த விளக்கும் இல்லை.

6.

அவர் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார் என்று ஒரு முடிவு எழுதினேன். கம்பத்தில் மோதினார் என்று இன்னொன்றும் எழுதினேன். முதலாவதைப் படித்தவர்கள் நான் சரி என்று சொன்னது சரிதான் என்பார்கள். இரண்டாவதைப் படித்தவர்கள் பாவி என்பார்கள். ஆனால் நான் சொன்னபோது இரண்டும் நடந்திருக்கவில்லை. டெனிஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். அதனால் இரண்டையும் கிழித்துவிட்டேன்.

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். முதலில் நீங்கள் சொல்லுங்கள்: அந்த இடத்தில் நின்றிருந்தால் சரி என்று சொல்லியிருப்பீர்களா?

சொல்லிவிட்டீர்கள் என்றால் என் பக்கத்து இருக்கையில் வந்து உட்காருங்கள். சாலையோரம் நிறுத்தி எஞ்சினை அணைத்திருக்கிறேன். இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கிவிட்டாயிற்று. அந்த இரண்டு ஹாரனுக்காகக் காத்திருக்கிறேன்.