வியாழக்கிழமை போன்

அமலிக்கு லொரெய்னைக் கண்டாலே வயிறு எரிந்தது. லொரெய்ன் கெட்டவள் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவளாக இருந்திருந்தால் வெறுத்துத் தொலைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம்.

இரண்டு பேரும் ஹூஸ்டனில் ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே வார்டில் நர்ஸ். லொரெய்ன் எடுத்து வளர்த்த அக்கா மகன் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்துக் காவலுக்கு இருந்தவன். 1979 நவம்பரில் ஈரானிய மாணவர்கள் உள்ளே புகுந்து சிறைபிடித்தவர்களில் அவனும் ஒருவன். அமலியின் புருஷன் மரிய அந்தோணி, தூத்துக்குடிக்காரர், சரக்குக் கப்பலில் செகண்ட் இன்ஜினியர். கிரீன் கார்டு பேப்பர் வருவதற்குள் கடைசியாக ஒரு தடவை போய்வந்துவிடுகிறேன் என்று ஈராக்கில் பஸ்ராவுக்குப் போனார். அவர் போன அதே மாதம், 1980 செப்டம்பரில், ஈராக்கும் ஈரானும் அடித்துக்கொள்ள ஆரம்பித்தன. ஷத் அல் அரபு ஆற்றில் நின்ற கப்பல்கள் கடலுக்குத் திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்டன. ஒரு கரையில் ஈராக் பீரங்கி, மறுகரையில் ஈரான் பீரங்கி, நடுவில் இவர். அக்டோபரில் பம்பாய்க் கம்பெனியிலிருந்து ஒரு தந்தி வந்தது. கப்பல் சிக்கியிருக்கிறது, விவரம் பின்னால் என்றது. பின்னால் ஒன்றும் வரவில்லை.

லொரெய்னின் பையனுக்கு நாடே காத்துக்கிடந்தது. டிவியில் தினமும் இன்றோடு இத்தனையாவது நாள் என்று எண்ணிச் சொன்னார்கள். அவர்கள் பத்திரமாகத் திரும்பட்டும் என்று மரத்துக்கு மரம் மஞ்சள் ரிப்பன். வார்டில் வாரம் ஒருத்தி லொரெய்னுக்குக் கேக் சுட்டு எடுத்துவந்தாள். கப்பலுக்குப் போனவர்கள் வீட்டில் நாளை எண்ணக்கூடாது, எண்ணினால் பயணம் நீளும் என்பது அமலியின் மாமியார் வீட்டு வழக்கம். அதனால் அவள் எண்ணவில்லை. அவளுக்காக எண்ண வேறு யாருமில்லை என்பது அந்த டிசம்பரில்தான் உறைத்தது.

மாதா கோயிலில் ஞாயிறுதோறும் சிறைபட்ட ஐம்பத்திரண்டு பேருக்காகவும் ஜெபம் நடந்தது. அமலி ஒரு நாள் துணிந்து சாமியாரிடம் போய் அந்தோணியின் பெயரையும் சேர்க்கச் சொன்னாள். "ஈரானிலா இருக்கிறார்?" என்று கேட்டார் அந்த ஐரிஷ் மனிதர். ஈராக் என்றாள். "ஓ" என்றார். அடுத்த ஞாயிறு, கடைசியில், "கடற்பயணம் செய்யும் அனைவருக்காகவும்" என்று ஒரு வரி வந்தது. மீன்பிடிக்கப் போனவர்களுக்கும் சேர்த்துத்தான்.

அபார்ட்மெண்டில் மாடி வீட்டு ஷ்யாமளாவிடம்தான் அவளால் வாய்விட்டுப் பேச முடிந்தது. மெட்ராஸ்காரி, புருஷன் எண்ணெய்க் கம்பெனியில் வேலை.

"டிவில ஈரானை மட்டும்தான் காட்டுதாங்க, அக்கா. பக்கத்துல ஆத்துக்குள்ள எழுவது கப்பல் கெடக்கு. அவுக அதுல இருக்காகளா இல்லையான்னு கேக்க ஒரு நாதி கெடையாது."

"அமலி, நீ வீணா worry பண்றே. அவர் merchant navy. அவங்களுக்கெல்லாம் இதுக்கு training குடுத்திருப்பாங்க."

"குண்டு விழுந்தா என்ன செய்யணும்னா?"

ஷ்யாமளா காப்பி கலக்கப் போனாள்.

அந்த வாரமே ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் ஒருவன் பிக்கப்பை நிறுத்தி, "ஈரானுக்கே போடீ!" என்று கத்தி, குடித்த கோக் டப்பாவை அவள் மேல் எறிந்தான். விஷயம் தெரிந்ததும் தலைமை நர்ஸ் ஒரு மஞ்சள் ரிப்பனைக் கொண்டுவந்து அமலியின் கோட்டில் குத்திவிட்டாள். "இதைப் போட்டுக்கொள், பாதுகாப்பு" என்றாள். நல்ல எண்ணம்தான். ஆனால் தன் புருஷனைப் பற்றி ஒருத்தரும் கேட்காத ஊரில், இன்னொருத்தி பிள்ளைக்கான ரிப்பனை நெஞ்சில் குத்திக்கொண்டு நடமாட வேண்டியிருந்தது. அமலி பாத்ரூமில் போய் நின்று அழுதாள். துக்கம் பாதி, மீதி சுத்தமான பொறாமை. அவளே அதை ஒப்புக்கொண்டாள்.

எல்லாவற்றையும்விட அவளை வதைத்தது அந்த வியாழக்கிழமை போன். வாஷிங்டனில், சிறைபட்டவர்களின் குடும்பங்களுக்குத் தகவல் சொல்லவென்றே ஒரு ஆபீஸ் வைத்திருந்தார்கள். அங்கிருந்து ஒருவர் வியாழக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு வார்டுக்கே கூப்பிட்டு லொரெய்னிடம் பேசுவார். பெரும்பாலும் புதிதாக ஒன்றும் இருக்காது. இருந்தாலும் லொரெய்ன் போனை வைக்கும்போது முகம் தெளிந்திருக்கும். ஒரு அரசாங்கம் போன் எடுத்து, அம்மா, உன் பிள்ளையை மறக்கவில்லை என்று சொல்கிறது. அமலிக்கு அந்தக் கறுப்பு போனையே பிடுங்கி எறியலாம் போலிருக்கும்.

ஜனவரி பதினைந்து, வியாழன். லொரெய்ன் ஒரு நோயாளிக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. மேஜையருகே அமலி மட்டும்தான்.

"லொரெய்னோடு பேச வேண்டும். வாஷிங்டனிலிருந்து கூப்பிடுகிறேன்" என்றார் அந்த மனிதர்.

லொரெய்ன் வார்டின் மறுகோடியில், திரைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். ஒரு குரல் கொடுத்தால் போதும். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவளும் சேதி தெரியாமல் கிடக்கட்டும் என்று தோன்றியது அமலிக்கு.

"அவள் இன்று டியூட்டியில் இல்லை."

"அப்படியா? அப்படியானால் ஒரு விஷயத்தை..."

அமலி போனை வைத்துவிட்டாள். லொரெய்ன் கட்டு மாற்றிவிட்டு வந்து கடிகாரத்தைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். மதியம் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். அமலிக்கு இனித்தது. அன்று ராத்திரி ஜெபமாலை சொல்லும்போது மட்டும் கொஞ்சம் கசந்தது.

ஐந்தே நாளில், செவ்வாய்க்கிழமை, ஐம்பத்திரண்டு பேரையும் விட்டுவிட்டார்கள். வார்டில் ஒரே கூச்சல், மறுபடி கேக். லொரெய்ன் அழுதுகொண்டே எல்லோரையும் கட்டிப்பிடித்தாள், அமலியைத்தான் ரொம்ப நேரம். அமலி கேக்கைத் தின்னவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றாள். மறுநாளே லொரெய்ன் லீவு போட்டுவிட்டுப் பையனைப் பார்க்கக் கிளம்பினாள்.

பிப்ரவரியில் திரும்பி வந்தவள், நேரே அமலியைத் தேடி மருந்து அறைக்குள் வந்தாள்.

"உன் புருஷனைப் பற்றி ஏதாவது தெரிந்ததா?"

இல்லை என்று தலையாட்டினாள் அமலி.

"உன்னிடம் முன்பே சொல்லியிருக்கலாம். வீணாக ஆசை காட்டக்கூடாது என்று சும்மா இருந்தேன்" என்றாள் லொரெய்ன். "உன் லாக்கர் கதவில் ஒட்டியிருக்கிற போட்டோவில் கப்பல் பெயர் இருக்கிறதே, அதைக் குறித்துக்கொண்டேன். வாஷிங்டன்காரரிடம் டிசம்பரிலிருந்து வாரா வாரம் நச்சரித்தேன். ஜெனீவாவில் செஞ்சிலுவைக்காரர் ஒருவரை அவருக்குத் தெரியுமாம். ஜனவரி இரண்டாவது வியாழன் சொன்னார், அடுத்த வாரம் கட்டாயம் பதில் வந்துவிடும் என்று. அடுத்த வியாழன் கூப்பிட்டிருக்கிறார். யாரோ எடுத்து நான் டியூட்டியில் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்."

அமலி மருந்து அலமாரியைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம் விடுதலை அமளியில் எனக்கே மறந்துபோயிற்று, மன்னித்துவிடு. போன வாரம்தான் கூப்பிட்டேன். அந்த ஆபீஸை மூடிவிட்டார்கள். அவரை வெளிநாட்டுக்கு மாற்றிவிட்டார்களாம். இப்போது அந்த நம்பரில் போனை எடுத்த பெண்ணுக்கு, உன் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அவர் அன்று கூப்பிட்டார் என்பது வரைதான் தெரியும். என்ன பதில் என்று தெரியவில்லை."

"நான்தான் எடுத்தேன்" என்றாள் அமலி.

லொரெய்னுக்குப் புரியவில்லை.

"அந்த போனை நான்தான் எடுத்தேன். நீ திரைக்குப் பின்னால்தான் இருந்தாய். பொறாமையில், நீ டியூட்டியில் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். வைத்துவிட்டேன்."

லொரெய்னின் முகம் சிவந்தது. அறைவாள் என்று நினைத்தாள் அமலி, அறைந்தால் தேவலை என்றுகூட நினைத்தாள். லொரெய்ன் அவள் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள்.

"குரல் எப்படி இருந்தது? சொல்! பதினாலு மாசம் அந்த ஆளிடம் பேசியிருக்கிறேன். நல்ல சேதியா கெட்ட சேதியா என்று முதல் வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிடும். வேகமாகப் பேசினாரா? தயங்கினாரா? யோசித்துப் பார்!"

அமலி யோசித்தாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு யோசித்தாள். அந்த மனிதர் சொன்ன வார்த்தைகள் எல்லாம் ஒன்றுவிடாமல் நினைவிருந்தன. குரல்தான் வரவில்லை. அன்றைக்கு அவள் அதைக் கேட்கவே இல்லை.