இல்லாத நாய் குறித்த விளக்கம்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இது கதை எழுதக் கொடுக்கப்பட்ட தாள் அல்ல. நான் அந்நிய மொழி சொல்லித்தரும் பள்ளியில் வாத்தியார். இன்று வாய்மொழித் தேர்வு. தேர்வு நடத்த வந்த அம்மா இந்தத் தாளை நீட்டி, "நடந்தத எழுதி, கையெழுத்துப் போட்டு, பத்து நிமிஷத்துல குடுங்க சார்" என்றார். நடந்ததை எழுதினால் வேலை போய்விடும். அதனால் கதை எழுதுகிறேன். கதை எழுதியதற்காக எந்த வாத்தியாரையும் வீட்டுக்கு அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

முதல் வரி: பதினேழு வருடங்களாக மொழிக்கே தன்னை அர்ப்பணித்த ஓர் ஆசிரியர்—

(அடித்துவிட்டேன். பதினேழு வருடமும் ஒரே பாடப்புத்தகம். அதில் ரயில் நிலையத்துக்கு வழி கேட்டவர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.)

2

கதாநாயகன் பேக்கரிக்காரர். வயது நாற்பத்து மூன்று. அவர் மனைவி நர்ஸ் வேலைக்காக அந்த மொழி பேசும் நாட்டுக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. இவரும் போய்ச் சேர வேண்டுமானால் இந்தத் தேர்வில் தேற வேண்டும். ஒருவருக்கு மூன்று வாய்ப்புதான். இரண்டு போய்விட்டன. இன்று மூன்றாவது.

தலைமுடியில் மாவோடு வகுப்புக்கு வருவார். எதைக் கேட்டாலும் பதில் சொல்வார். மனைவியைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாயடைத்துப் போவார். இரண்டு முறையும் அந்தக் கேள்வியில்தான் விழுந்தார்.

"போன்ல சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அவ்வளவுதான் சார் பேசிக்கறோம். அத வெச்சு மூணு நிமிஷம் என்னத்த சொல்ல?"

(இங்கே அவர் ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்ப்பதாக ஒரு பத்தி இருந்தது. எங்கள் வகுப்பறைக்கு ஜன்னல் கிடையாது.)

3

இனி என் திருவிளையாடல். போன மாதம் 'என் குடும்பம்' என்று ஒரு மாதிரிப் பேச்சைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். 'என் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. அதன் நிறம் பழுப்பு. அது என் செருப்பைக் கடிக்கும். விடுமுறை நாட்களில் நாங்கள் நீந்தப் போவோம்.' இதைப் பார்த்து அவரவர் குடும்பத்தைப் பற்றி எழுதுங்கள் என்று சொன்னேன்.*

* சொல்லியிருப்பேன். அதற்குள் மணி அடித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பதினோரு பேரும் அதை அப்படியே நெட்டுரு போட்டுவிட்டார்கள். ஒத்திகையில் பதினோரு முறை அந்த நாய் செருப்பைக் கடித்தது. மனப்பாடம் ஒப்பித்தால் பூஜ்ஜியம் என்பது தேர்வு விதி. தெரிந்தும் நான் கண்டுகொள்ளவில்லை. ஒருவர் பேச்சிலும் பிழை இல்லை, எனக்கும் திருத்தும் வேலை இல்லை. பேக்கரிக்காரரிடம், "சம்சாரத்த விடுங்க, நாயப் பிடிச்சுக்கோங்க" என்று தனியாக வேறு சொன்னேன்.

4

ஏழு பேர் ஒப்பித்துவிட்டு வந்தார்கள். எட்டாவது பேக்கரிக்காரர். 'என் வீட்டில் ஒரு நாய்' என்று ஆரம்பித்ததுமே தேர்வு நடத்தும் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அது இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். கரும்பலகையில் அதற்குப் பதில் இல்லை.

"இறந்துவிட்டது" என்றாராம் பேக்கரிக்காரர்.

"செத்துப்போச்சுன்னா அதுக்கு மேல கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன் சார்" என்று பிறகு என்னிடம் சொன்னார். அம்மா கேட்டார். பேக்கரிக்காரர் ஒன்பதாம் பாடமான 'மருத்துவமனையில்' பக்கம் ஓடினார். நாய்க்கு மூன்று நாளாகக் காய்ச்சல். தொண்டை வலி. மாத்திரை, சாப்பாட்டுக்குப் பின், மூன்று வேளை.

இப்போது வீடு எப்படி இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. அதற்குப் பாடமே கிடையாது. பேக்கரிக்காரர் தானாகப் பேசினார். காலையில் இரண்டு தட்டு எடுத்துவிடுகிறேன், பிறகு ஒன்றைத் திரும்ப வைக்கிறேன் என்றார். வாசலில் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்க்கிறேன் என்றார். தெருவுக்கே ரொட்டி சுடுகிறேன், வீட்டுக்கு வந்தால் பசி இல்லை என்றார். ஏழு நிமிடம். திக்கித் திக்கி, பிழையோடு, அழுகையோடு. அம்மா கைக்குட்டையை எடுத்தாராம்.

(நாய் தட்டில் சாப்பிடுமா என்று கேட்கிறீர்கள். அம்மா கேட்கவில்லை.)

ஒன்பதாவதாகத் தையல்காரர் போனார். 'என் வீட்டில் ஒரு நாய் இருக்கிறது' என்றார். அதன் மறைவுக்கு என் அனுதாபங்கள் என்றார் அம்மா. "நன்றி, அதன் நிறம் பழுப்பு" என்றார் தையல்காரர். அத்தோடு தேர்வை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள்.

5

அம்மா சொன்னது இது: "மத்தவங்களுக்கு அடுத்த மாசம் மறுபடி வெச்சுக்கலாம். பேக்கரிக்காரருக்கு இது கடைசி. நாய் செத்ததுக்கு அப்புறம் அவர் பேசினது சொந்தப் பேச்சுதான்னு நீங்க எழுதிக் குடுத்தா அவர் பாஸ். இல்லேன்னா அதுவும் மனப்பாடக் கணக்குதான்."

நாய் செத்தது அவருடைய சொந்தச் சரக்கு என்று எழுத வேண்டுமானால், நாய் பிறந்தது என் கையால் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்பிக்க எழுதிக்கொடுத்த வாத்தியாரை எங்கள் பள்ளியில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

முடிவு ஒன்று: நான் தலைநிமிர்ந்து உள்ளே போகிறேன்—

(என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.)

முடிவு இரண்டு: அம்மாவே மனமிரங்கி—

(வாய்ப்பில்லை. மதிப்பெண் தாளை விரித்து வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கிறார்.)

முடிவு மூன்று: விமான நிலைய வாசலில் ஒரு நர்ஸ், வேலை உடையைக்கூட மாற்றாமல்—

(இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.)

6

பெஞ்சில் என் பக்கத்தில்தான் பேக்கரிக்காரர் உட்கார்ந்திருக்கிறார்.

"என்ன சார், எழுதிக்கிட்டே இருக்கீங்க?"

"உங்களப் பத்தித்தான்."

"இல்லாத நாய்க்கு அப்படி அழுதேன் சார். அவளப் பத்திக் கேட்டிருந்தா ஒரு வார்த்தை வந்திருக்காது." தலைமுடி மாவைத் தட்டிக்கொண்டே, "பாஸ் ஆயிடுவேனா?" என்றார்.

பத்து நிமிடம் முடிந்துவிட்டது. கையெழுத்தைப் போட்டுவிட்டேன், அதுவரைக்கும் எனக்குத் தைரியம் இருந்தது. எழுந்திருக்கத்தான் கால் வரவில்லை. வாசகரே, தாள் உங்கள் கையில்தான் இருக்கிறது, கதவும் திறந்தே இருக்கிறது. போகப்போவது என் வேலை, நடக்க வேண்டியது உங்கள் கால். கொடுப்பதும் கிழிப்பதும் உங்கள் பாடு.

பேக்கரிக்காரர் கழுத்தை நீட்டி உங்களைப் பார்க்கிறார்.

"யார் சார் அது, உள்ள போறது?"

"தெரிஞ்சவங்கதான்."

"நல்லவங்களா சார்?"