ஆள் கேட்டவர்

ஜூன் 14, செவ்வாய்.

இன்று மாலை வேதபாட வகுப்பில் ஒரு சின்னத் தவறு. பைபிளில் எபேசியர் இரண்டாம் அதிகாரம் படித்து வரச் சொல்லியிருந்தார்கள். நான் மூன்றாவதைக் கோடு போட்டுப் படித்துக்கொண்டு போயிருந்தேன். கண்ணாடிக்கடை அக்கா விடவில்லை. "தம்பிக்கு எல்லாருக்கும் முன்னாடி மோட்சம் போய்ச் சேந்துடணும்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

இரட்சிப்பு கடவுளின் கிருபையினாலா, நாம் செய்யும் நற்கிரியையினாலா என்பது பாடம். கிருபையினால்தான் என்று வகுப்பு நடத்தும் அண்ணன் அழகாக விளக்கினார். அப்படியானால் கிரியை எதற்கு என்று அக்கா கேட்டார். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

எங்கள் வகுப்பில் யார் என்ன கஷ்டம் சொன்னாலும், "ஜெபத்துல வச்சுக்குவோம்" என்பார் அண்ணன். உடனே கண்ணை மூடுவோம். வகுப்புக்கு வரும் தையல்காரரின் மனைவி பக்கவாதத்தில் படுத்த படுக்கை. போன மாதம் வகுப்பில் தையல்காரர் எழுந்து, "சாயங்காலம் யாராச்சும் வந்து ஒரு கை புடிச்சா அவளப் பொரட்டிப் படுக்க வச்சிடலாம். முதுகெல்லாம் புண்ணாவுது," என்றார். அதையும் ஜெபத்தில் சேர்த்துக்கொண்டோம். நான்கூட உருக்கமாக ஜெபித்தேன்.

அவர் இப்போது வகுப்புக்கு வருவதில்லை. "விசுவாசத்துல பின்வாங்கிட்டாரு போல. போற வழிதானே, ஒரு எட்டு பாத்துட்டு வா," என்று அண்ணன் என்னை அனுப்பினார்.

ஒரே அறை. தையல் இயந்திரத்தைச் சுவரோரம் தள்ளிவிட்டுக் கட்டில் போட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் மூக்கைப் பிடிக்கத் தோன்றியது, பிடிக்கவில்லை. தையல்காரர் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வளைந்து நின்றார்.

"தனியாத் தூக்குனேன். நடு முதுகு புடிச்சிக்கிச்சு," என்றார்.

"தினமும் உங்களுக்காக ஜெபம் பண்றோம் ஐயா."

"தெரியும் தம்பி. நான் ஆள் கேட்டேன். நீங்க அதுக்கும் ஜெபம் பண்ணிட்டீங்க."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சும்மா இருங்க. வந்த புள்ளைய..." என்று கட்டிலில் இருந்து அந்த அம்மா குழறினார். பிறகு என்னிடம், "இன்னைக்கு என்னப்பா பாடம்?" என்றார்.

"இரட்சிப்பும்மா. கிருபையா, கிரியையான்னு."

"என்ன முடிவாச்சு?"

"நேரம் பத்தல."

போர்வையோடு சேர்த்துப் புரட்ட வேண்டும் என்று தையல்காரர் சொல்லிக்கொடுத்தார். அவர் தோள் பக்கம், நான் இடுப்புப் பக்கம். அவர் "ம்" சொல்வதற்கு முன்பே இழுத்துவிட்டேன். அந்த அம்மா அலறினார். புண்ணைப் பார்த்தேன். உள்ளே எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் இனிமேல் ஆறாது என்று சொல்லிவிட்டார்களாம். அவர் கேட்ட அன்றே யாராவது வந்திருந்தால் இந்த அளவுக்குப் போயிருக்காது. கேட்டபோது அங்கே நாங்கள் பன்னிரண்டு பேர் இருந்தோம்.

பின்வாங்கியது அவர் இல்லை, நாங்கள்தான்.

நான் பாடத்தைச் சரியாகப் புரிந்துகொண்டேனா தெரியவில்லை. புரிந்த வரை எழுதுகிறேன்: இரட்சிப்பை யாரும் உழைத்துச் சம்பாதிக்க முடியாது, அது இலவசம். ஆனால் அதைப் பெற்றவன் அடுத்தவர் வலியைக் கேட்டுவிட்டுக் கண்ணை மட்டும் மூடிக்கொண்டால், அவன் இன்னும் இயேசுவின் சீஷன் ஆகவில்லை.

நாளை: வேலை விட்டதும் நேரே தையல்காரர் வீடு. போகும் வழியில் அண்ணனையும் அழைத்துக்கொள்ள வேண்டும். "ம்" சொன்ன பிறகுதான் இழுக்க வேண்டும்.