குடிசை மனையின் விலை

துபாயிலிருந்து மகன் அய்யாக்கண்ணு பேசி அனுப்பிய கேசட் வந்த அன்று, பொன்னாயியும் மகள் சிந்தாமணியும் வழக்கம்போல அதைச் சிங்காரவேலு வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். லப்பைக்குடிக்காட்டுப் பக்கத்து ஊர் அது. அந்தத் தெருவில் டேப் ரெக்கார்டர் அவரிடம்தான் இருந்தது. அவர்களுடைய குடிசை நின்ற மனையும் அவருடையதுதான். ஆடிக்குள் வாங்காவிட்டால் வேறு ஆளுக்கு விற்றுவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

அவரே பொத்தானை அமுக்கினார்.

“அம்மா, கேக்குதா? ஓவர்டைம் பாத்து, மனைக்குச் சிங்காரவேலு அய்யா கேட்ட அஞ்சாயிரத்தையும் சேத்துட்டேன். இன்னும் ஆயிரங்கூட வரும்…”

சிந்தாமணி நிறுத்தப் பாய்ந்தாள். சிங்காரவேலு அவள் கையைத் தட்டிவிட்டார்.

“…பத்திரம் முடிஞ்சிச்சுன்னா சொல்லும்மா. இங்க அடுத்த ரெண்டு வருச வேலைக்குக் கையெழுத்துப் போடாம வந்துடறேன். நேத்து கட்டடச் சாரத்துல எங்கூட நின்ன பையன் வுழுந்துட்டான். தூக்கமே வரலம்மா. அஞ்சுதானே? ஏத்திட மாட்டாருல்ல?”

கேசட் நின்றது.

“எட்டுக்கு ஆளு வந்துருக்கு பொன்னாயி” என்றார் சிங்காரவேலு.

“மொதல்ல மூணு சொன்னீங்க. அவன் சேத்துட்டேன்னு பேசுனதும் அஞ்சு. இப்ப எட்டுங்களா அய்யா?”

“எங்கண்ணன் பேசுறத இங்க உக்காந்து கேட்டுட்டே ஏத்துறாரும்மா” என்றாள் சிந்தாமணி.

“ஏ, வாய அடக்கு! ஒங்கண்ணன் ஒருத்தனா அனுப்புறான்? வூட்டுக்கு ஒருத்தன் அரபு நாட்டுல. அந்த ஊரு எண்ணெய் வெல ஏறுனா இங்க பேங்க் டிராப்டு வந்து குவியுது. பணம் கூடிக்கிட்டே போவுது, மண்ணு ஒரு அடி கூடுச்சா? நானுந்தான் கொத்தனாருக்கு ரெண்டு பங்கு கூலி குடுக்குறேன். அரிசி என்ன வெல?”

“அரிசி வெல எங்களுக்குத் தெரியாதுங்களா? எங்களுக்கு மட்டும் கூலி ஏறல” என்றாள் பொன்னாயி.

அவர் கேசட்டை முதலுக்குச் சுற்றி, பதிவு செய்யும் சிவப்புப் பொத்தானை அமுக்கி, பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். புதுக் கேசட் வாங்க வழியில்லை. மகன் பேசியதன் மேலேயே பேசித் திருப்பி அனுப்புவதுதான் அவர்கள் வழக்கம்.

பொன்னாயி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் குரல் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டிருந்தது.

“சாமி… நாங்க நல்லாருக்கோம். மனை இன்னும் முடியல. நீ… கையெழுத்துப் போட்டுடு சாமி.”

சிந்தாமணி பெட்டியருகே குனிந்தாள்.

“சாரத்துல கயித்தப் புடிச்சிக்கிட்டு நில்லுண்ணே.”